உன் ஜூன் இருபத்தைந்தும் என் நவம்பர் ஒன்பதும்

பெருங்காய வாசனைதான் முதலில் வந்தது. நேற்று மாலை உன் அம்மா எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, மஞ்சள் பைக்குள் கையை விட்டபோதே அந்த வாசனை வந்துவிட்டது. வெளியே எடுப்பது உன் டைரியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஊடு மாத்துறோம்மா, ஐயப்பன்தாங்கல் பக்கம். பரண காலி பண்ணும்போது ஆப்டுச்சி. எனக்குப் படிக்கத் தெரியாது. உன்னாண்ட இருந்தா அதுக்குப் பிடிக்கும்" என்றார். அது என்றது உன்னை.

என் அம்மா எவ்வளவோ கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வண்டியில் சாமான் ஏற்றுகிறார்கள் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். நான் டைரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அப்பாவின் பட்டறையில் யாரோ தூக்கிப் போட்ட பழைய வருட டைரி. மளிகைக் கடைப் பொட்டலங்களைப் பிரித்து, நீவி, வெட்டி, சோற்றுப் பருக்கையால் தேதிவாரியாக ஒட்டியிருப்பாய். சில செய்திகளுக்குத் தலை இருக்காது, சிலவற்றுக்கு முடிவு இருக்காது. மீதியை நூலகத்தில் தேடி, பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பாய். எங்கள் வீட்டில் தினமும் செய்தித்தாள் வந்தது. உன் வீட்டில் கடுகும் பெருங்காயமும்தான் செய்தியைக் கொண்டுவந்தன. இருந்தும் எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்ததும் நேற்றுகூட எனக்குப் பொறாமை வந்தது. இறந்துபோனவள்மேல் பொறாமைப்படுவது தப்பு என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் தப்பாகத்தான் இருக்க வேண்டும்.

உன்னை நான் முதலில் பார்த்தது எண்பத்தேழில், எட்டாம் வகுப்பில், இதே ஜூன் இருபத்தைந்தில். அப்பாவுக்குத் திருச்சித் தொழிற்சாலையிலிருந்து ஆவடிக்கு மாற்றலாகி, நான் நம் பள்ளியில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. திருச்சியில் வகுப்பிலேயே அதிகம் படிக்கிறவள் நான்தான். அந்தப் பெயர் எனக்கு முன்பே ரயிலேறி இங்கே வந்து காத்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நம் பள்ளியின் வழக்கம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிரேயரில் குறளும் செய்தியும் முடிந்ததும் 'இந்த நாளில்' என்று ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் அதே தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று படிப்பார்கள். அன்றைக்கு யாருக்குப் பிறந்த நாளோ அவள்தான் படிக்க வேண்டும். அன்று மட்டும் அவள் சீருடை போட வேண்டாம். படித்து முடித்ததும் மிட்டாய் கொடுக்கலாம்.

நீ மஞ்சள் பாவாடையில் படியேறினாய். டைரியைத் திறந்தாய். ஆனால் அதைப் பார்த்துப் படிக்கவில்லை.

"இதே நாளில், 1932-இல், இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை லண்டனில் ஆடத் தொடங்கியது. தோற்றது. ஐம்பத்தோரு வருடம் கழித்து, 1983-இல், இதே நாளில், அதே மைதானத்தில், உலகக் கோப்பையை வென்றது" என்றாய். 'தோற்றது' என்றபின் நீ விட்ட இடைவெளியில், கடைசி வரிசையில் இருமிக்கொண்டிருந்தவள்கூட நிறுத்திவிட்டாள். பிறகு 1950-இல் கொரியப் போர் தொடங்கியதைச் சொன்னாய். 1967-இல் செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகள் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்ததையும், அதில் லண்டனிலிருந்து நான்கு இளைஞர்கள் பாடியதையும் சொன்னாய். நான்காவதாக ஒன்று இருந்தது. அதைப் பிரேயரைப் பார்த்துக்கொண்ட நம் டீச்சர் முன்பே சிவப்பு மையால் அடித்துவிட்டார். "பிரேயர்ல அரசியல் வேணாம். போட்டியும் பாட்டும் போதும்" என்றாராம். அந்த வரி இதுதான்: நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, 1975.

அது நீ பிறந்த அதே நாள். அதே வருடமும்கூட.

வகுப்பில் உன் பக்கத்தில்தான் எனக்கு இடம். "இன்னா, அப்படிப் பாக்குற? பச்ச முட்டாயி வோணுமா?" என்று கேட்டாய். எனக்கு மிட்டாய் வேண்டியிருக்கவில்லை. உன் தேதி வேண்டியிருந்தது.

நீ சிரிக்கலாம். ஆனால் அந்த வயதில் நான் அதை உண்மையாகவே நம்பினேன். ஒருத்தி பிறக்கிற தேதியில் விளையாட்டும் சங்கீதமும் போரும் அரசியலும் வரிசைகட்டி வந்து நிற்கின்றன என்றால், அவளை உலகம் எதற்கோ எதிர்பார்த்திருக்கிறது என்று அர்த்தம். என் தேதி நவம்பர் ஒன்பது. கிளை நூலகத்தில் நாட்குறிப்புப் புத்தகங்கள் இரண்டு இருந்தன. இரண்டிலும் நவம்பர் எட்டில் ஏதோ இருந்தது. பத்திலும் இருந்தது. ஒன்பதாம் தேதிக்கு ஒரு புத்தகத்தில் பக்கமே வெறுமையாக இருந்தது. மற்றொன்றில் அந்தத் தாள் கிழிந்திருந்தது. அந்த வருடம் என் முறை வந்தபோது, பச்சைப் பட்டுப் பாவாடையில் படியேறி, "இன்று குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை" என்று படித்தேன். பள்ளியே சிரித்தது.

நீ சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. "ஒன்னுமே நடக்காத நாளு நல்ல நாளுதான்டி. சண்ட இல்ல, சாவு இல்ல" என்றாய். எல்லாம் இருப்பவள் இல்லாதவளுக்குச் சொல்கிற ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப்பின்தான் நாம் நெருங்கிய தோழிகளானோம் என்று எல்லோரும் சொல்வார்கள். மதியச் சோற்றைப் பகிர்ந்தோம். திருமுல்லைவாயில் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். உண்மைதான். ஆனால் நான் உன் பக்கத்தில் நடந்ததில் பாதி, நீ அடுத்து எதைக் கண்டுபிடிக்கப்போகிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய வாரம், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று புது வருகைப் பதிவேட்டை எழுதும் வேலையை டீச்சர் எனக்குக் கொடுத்தார். எல்லோருடைய பிறந்த தேதியையும் பழைய சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பார்த்து எழுத வேண்டும். அலுவலக அறையில் அந்தப் பெரிய புத்தகத்தைப் புரட்டினேன். நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பக்கம் வந்தது. சேர்ந்த நாள் 25-6-80. பிறந்த நாள் 25-6-75. உனக்கு மேலே நான்கு பெயர்கள், அவர்களும் அன்றைக்கே சேர்ந்தவர்கள். அந்த நான்கு பேருக்கும் பிறந்த நாள் 25-6-75.

அந்த நான்கு பேரும் எப்போதோ படிப்பை நிறுத்திவிட்டிருந்தார்கள். பெயருக்கு நேரே சிவப்புக் கோடு இருந்தது. அதைப் பார்த்து நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். நான் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. ஐந்து பேரும் ஒரே நாளில் பிறந்து, சரியாக ஐந்து வயது நிரம்பிய அன்றே பள்ளியில் சேர்ந்திருக்க முடியாது என்பதை மட்டும் பார்த்தேன். அன்றைய ஹெட்மாஸ்டர் அன்றைய தேதியில் ஐந்தைக் கழித்து எல்லோருக்கும் எழுதிவிட்டார். உன் ஜூன் இருபத்தைந்து உன்னுடையது இல்லை. எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வாரம் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். எண்பத்தெட்டு ஜூன் இருபத்தைந்து சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. அதே மஞ்சள் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து இறக்கி உடுத்தியிருந்தாய். டைரியோடு நீ படியேறப்போன நேரத்தில், நான் வரிசையிலிருந்து முன்னால் வந்தேன்.

"டீச்சர், இன்னைக்கு அவளுக்குப் பிறந்த நாள் இல்ல டீச்சர். ரிஜிஸ்டர்ல பார்த்தேன். ஸ்கூல்ல சேர்ந்த தேதியையே பிறந்த தேதின்னு எழுதியிருக்காங்க. அஞ்சு பேருக்கு ஒரே தேதி."

மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். முதல் மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கிறது. டீச்சர் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிரேயருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "சரி, அப்ப நீயே படி" என்று என்னிடம் சொன்னார். அந்தக் குரலில் என்மேல் இருந்த கோபம் எனக்கு அப்போது புரியவில்லை.

நீ டைரியை என்னிடம் நீட்டினாய். நான் படித்தேன். முதல் டெஸ்ட், உலகக் கோப்பை, போர், பாட்டு, எல்லாம் அப்படியேதான் இருந்தன. கடைசி வரிசையில் இருமல் ஓயவே இல்லை.

முடிந்ததும் நீ ஒன்றும் நடக்காததுபோல் மிட்டாய்ப் பையைத் திறந்தாய். பின்னாலிருந்து ஒருத்தி, "அதான் பொறந்த நாளே இல்லையாமே?" என்றாள்.

"தேதி பொய்யா இருந்தா இன்னா, முட்டாயி நெசந்தான? எடு" என்றாய்.

எனக்கும் நீட்டினாய். பச்சை. நான் எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் இருந்திருக்க வேண்டும்.

வகுப்புக்குப் போகும் வழியில் டீச்சர் என்னை நிறுத்தினார். "எனக்கு என்னைக்குப் பிறந்த நாள் தெரியுமா? ஜூன் ஒண்ணு. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான். எங்க வாத்தியாருக்கு அந்தத் தேதி ரொம்பப் பிடிக்கும்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

அன்று நீ தனியாகப் போய்விடுவாய் என்று நினைத்தேன். எப்போதும்போல் பள்ளிக் கேட்டருகே நின்றாய். தொழிற்சாலைச் சுவரை ஒட்டி வெகுதூரம் நடந்தோம். பிறகு நீயே சொன்னாய்.

"எனுக்குத் தெரியும்டி அது. நைனாதான் கூட்டிகினு வந்தாரு. எட்மாஸ்டரு எத்தினி வயசுன்னாரு. நைனா முழிக்கிறாரு. சரி, கைய தல மேலால போட்டு அந்தாண்ட காதத் தொடுன்னாரு. எனுக்கு எட்டல. கொஞ்சூண்டு தலைய இப்படி சாச்சிட்டேன். தொட்டுட்டேன்." நடந்தபடியே செய்து காட்டினாய். பதின்மூன்று வயதில் உன் கை காதையும் தாண்டிக் கன்னம் வரை வந்தது. "அவரு பாத்துட்டாரு. பாத்தும் எழுதிகினாரு."

"அப்ப உண்மையா என்னைக்குப் பிறந்த?"

"எங்கம்மாவ கேட்டா, ஏரி தளும்பிகினு இருந்துச்சி, நாத்து நட்டுட்டு வந்து பெத்தேன்னுது. அப்ப அதுங்க கூலி வேலதான. தேதிக்கு எங்க போறது?" கொஞ்ச தூரம் போனபின் கேட்டாய். "உங்கம்மா எழுதி வெச்சிகிறாங்க இல்ல? நேரங்கூட?"

"ம். ஜாதகம் இருக்கு."

"ஒரு நா காட்டேன்" என்றாய்.

அந்தக் குரலை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அது என் குரல். நூலகத்தில் வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல். வெறுமையாக இருந்த என் தேதியின்மேல் உனக்கு ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்டால், இல்லை. சரி, காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். காட்டவும் இல்லை.

இரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை நீ சிரித்துக்கொண்டே டைரியைக் காட்டினாய். அந்தச் சனிக்கிழமை ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை ஹாலந்து வென்றுவிட்டதாம். யாரோ டீக்கடையில் விட்டுப்போன பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தாய். நான் உன் தேதியைப் பிடுங்கிய அதே நாளில், அந்தத் தேதிக்கு இன்னொன்று வந்து சேர்ந்திருந்தது. நான் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் வந்தது. தீபாவளியை ஒட்டிய நாட்கள். நான் நூலகம் போயிருந்தபோது நீ வீட்டுக்கு வந்து, அம்மாவோடு உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொடுத்துவிட்டுப் போயிருந்தாய். ஒன்பதாம் தேதி பிரேயருக்கு முன்னால் டைரியை என் கையில் வைத்தாய். "உன் பக்கத்தப் படி" என்றாய்.

படியேறித் திறந்தேன். நவம்பர் ஒன்பதில் ஒட்டுக் காகிதம் எதுவும் இல்லை. பேனாவால் எழுதியிருந்தாய்.

"1974. திருச்சி. தொழிற்சாலை மருத்துவமனை. காலை பதினொன்று இருபது. மழை. தொழிற்சாலை கேட்டுக்கு ஆள் போய் அப்பாவிடம் சொல்லி, அவர் மெஷினிலிருந்து அப்படியே ஓடி வந்தார். கை முழுக்க கிரீஸ். கையைக் கழுவினால்தான் குழந்தையைத் தருவேன் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்பா ஜன்னல் வழியாக இரண்டு கையையும் மழையில் நீட்டிக் கழுவினார். பிறகு வாங்கிக்கொண்டார். இதே நாளில் இது நடந்தது."

கீழே பள்ளி முழுவதும் காத்திருந்தது. எனக்கு அந்தக் கதை தெரியாது. பதினாலு வருடம் கூடவே இருந்த என்னிடம் சொல்லாததை, ஒரு மத்தியானத்தில் அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் அப்பாவின் கையை, என் மழையை, நீ எடுத்து, என்னால் எழுத முடியாத விதத்தில் எழுதியிருக்கிறாய் என்றுதான் தோன்றியது. டைரியை மூடினேன். "இன்று குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள்.

வகுப்பில் நீ கேட்டாய். "நல்லா இல்லியா?"

"கையெழுத்து புரியல" என்றேன்.

நீ டைரியைத் திறந்து உன் எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "ஆமா, கோழி கிளறினா மாரிதான் கீது" என்றாய்.

பொங்கல் விடுமுறைக்கு முன் உனக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி கொடுக்கிறார்கள், சரியாகிவிடும் என்றார்கள். நான் விடுமுறையில் பார்க்க வரலாம் என்றிருந்தேன். டைரியை மறுபடி கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை உன் எதிரில் வாய்விட்டுப் படிக்கலாம் என்று நினைத்தும் வைத்திருந்தேன். பள்ளி திறந்த அன்று டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, உன் பெயருக்கு நேரே ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டார். பக்கத்தில் தேதி எழுதினார். உன்னைப் பற்றிய தேதிகளில், ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தது, யாரும் கேள்வி கேட்க முடியாதது, அது ஒன்றுதான். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

போன வருடம் நவம்பரில் ஒன்று நடந்தது. என் பிறந்த நாள் முடிந்து இரண்டு நாள் கழித்து அப்பா செய்தித்தாளை நீட்டினார். பெர்லினில் சுவரைத் திறந்துவிட்டார்கள். ஒன்பதாம் தேதி. சுவர்மேல் ஏறி நின்று ஜனங்கள் பாடுகிற படம். இனி உலகத்தில் எந்த நாட்குறிப்பிலும் நவம்பர் ஒன்பது வெறுமையாக இருக்காது. அதைப் படித்ததும் நான் முதலில் நினைத்தது உன் முகத்தைத்தான். இப்ப என்ன சொல்ற என்று உன்னிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது. காட்டுவதற்கு நீ இல்லை என்றதும் அந்தச் சுவர் எனக்கு எதற்கும் பயன்படவில்லை.

இன்று திங்கட்கிழமை. இந்த வருடம் பள்ளியில் ஜூன் இருபத்தைந்தில் பிறந்தவர்கள் யாரும் இல்லை. பதினொன்றாம் வகுப்புத் தலைவி என்பதால் படிப்பது என் வேலை. நேற்று டைரி வந்தபின் எனக்கு ஒரு யோசனை வந்தது. எவ்வளவு நாள் யோசித்தும் வராதது. உன் ஜூன் இருபத்தைந்து பொய் இல்லை. அன்றைக்கு ஒன்று நடந்தே இருக்கிறது. பிறந்ததற்குப் பதில் சேர்ந்தது. நான் பிறந்த நாளில் நான் செய்தது ஒன்றுமில்லை. நீ அந்தத் தேதியைக் கையை நீட்டி எட்டிப் பிடித்தாய். இதை நீகூட யோசித்திருக்க மாட்டாய், இந்த ஒன்றிலாவது நான் உனக்கு முந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, அந்தப் பக்கத்தை எடுத்தேன்.

ஹாலந்துச் செய்திக்குக் கீழே உன் கையெழுத்து இருந்தது. '1975: நான் பிறந்தேன்' என்ற பழைய வரியை ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தாய். அதற்குக் கீழே, '1980: தலையைச் சாய்த்துப் பள்ளியில் சேர்ந்தேன்.'

பேனாவை மூடிவிட்டேன். எனக்கு எழுத இடம் இருந்தது. எழுத விஷயம் இருக்கவில்லை.

இன்று காலை படியேறி எல்லாவற்றையும் படித்தேன். டீச்சர் சிவப்பு மையால் அடித்ததையும் சேர்த்து. அவர் பக்கவாட்டில் நின்றார், தடுக்கவில்லை. 'தோற்றது' என்றபின், நீ விட்ட அளவுக்கு இடைவெளி விட்டுப் பார்த்தேன். கடைசியாக 1980-ஐப் படித்து, இந்தப் பள்ளியில்தான், அலுவலக அறைக்கு எதிரில்தான் என்று சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு வரி மட்டும் என்னுடையது. இறங்கி வரும்போது ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு குட்டிப்பெண் வலது கையைத் தலைக்குமேல் போட்டு இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு வரிசையே தொட்டது. உனக்குக் கிடைக்க வேண்டியது இது. இதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை.

டைரி இனி என் அலமாரியில் இருக்கும். என் பாவாடைகளில் பெருங்காய வாசனை ஏறும், அம்மா திட்டுவாள். நவம்பருக்கு இன்னும் நாலரை மாதம் இருக்கிறது. அன்று எனக்கும் படிக்க ஒரு பெரிய செய்தி இருக்கிறது. ஆனால் பெர்லின் சுவர் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் திருச்சி, மழை, அப்பாவின் கை. ஒரு எழுத்தும் விடாமல் படிப்பேன்.

உன் கையெழுத்து புரிகிறது. அன்றைக்கும் புரிந்தது.